பதினாலு விநாடி

சிறுவர் நிகழ்ச்சியில் பாட்டு அக்கா கேள்வி கேட்டுவிட்டு நாலு விநாடி சும்மா இருப்பாள், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்று. அந்த இடத்தில் சின்னச் சத்தம்கூட இருக்கக் கூடாது. எடிட்டர் தன் கையாலேயே சுத்தம் பண்ணிய இடம் அது. இன்றைக்கு மத்தியானம் அதற்குள் ஏதோ தட்டியது.

ஏசியாக இருக்கும் என்று ஏசியை அணைத்தான். ஆறிப்போன டீ வாடை, சூடேறிய மெஷின் வாடை, முதுகுக்குப் பின்னால் பழைய டேப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரி, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. திரையில் பாட்டு அக்கா சிரித்தாள்.

"நீங்க எல்லாரும் குட்டி விதை. இருட்டுல சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கோங்க. நான் 'முளைச்சு வா'ன்னு பாடுற வரைக்கும் வெளிய வரக் கூடாது. சரியா?"

நாலு விநாடி. தட். தட்.

போன வருஷம் அந்தப் பாட்டு ஒளிபரப்பாகவே இல்லை. நேரம் மிஞ்சுகிறது என்று பதினாலு விநாடியை வெட்டி எறிந்தவன் இவன்தான். 'யாரு கவனிக்கப் போறாங்க' என்று சிரிக்க வேறு செய்தான், பாவி. அன்றைக்கு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அவன் சொந்த அக்கா மகள் துணிப் பெட்டிக்குள் போய்ச் சுருண்டாள். ஆறு வயசு. மூடி விழுந்து கொக்கி மாட்டிக்கொண்டது.

"ஒரு குரல் கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனேடா, ஏன் கத்தலை?" என்று அக்கா ஒரு வருஷமாக அவன் தோளில் சாய்ந்துதான் அழுகிறாள். ஏனென்று அவனுக்குத் தெரியும். இதுவரை வாயைத் திறக்கவில்லை.

இன்று மறு ஒளிபரப்பு. பாட்டைத் திரும்ப ஒட்டிவிட்டு, சாயங்காலமே அக்கா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டினான். ஓடவிட்டான்.

பாட்டு அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரைக் கூட்டினான். ம்ஹூம்.

தட். தட்.

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால்.

அலமாரி.

திறந்தான். டேப்புகளைக் காணோம். கீழ்த்தட்டில் அவள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"மாமா, வரலாமா? பாட்டு அக்கா இன்னும் பாடலையே."

பாட வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

அவள் சமத்தாகக் காத்துப் பார்த்தாள். நாலு விநாடி. பிறகு, மூடிய கண்ணோடு, பின்னால் இருந்த இருட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"இன்னும் இல்லையாம். யாரும் வராதீங்க."

உள்ளே, வரிசை வரிசையாக, குட்டி முழங்கால்கள் இன்னும் இறுக்கமாக மடங்கின.