செவ்வால் கெண்டையைத் தேடி

“அந்த ஓடையில மீனா? புழுதாங்க இருக்கு!”

ஊராட்சிக் கூடத்தில் கிருபாகரன் இப்படிச் சொன்னதும் பாதிப் பேர் சிரித்தார்கள். சிறுகானல் மலையின் உச்சியில் இருந்த சொகுசு விடுதிக்கு அவர்தான் மேலாளர். நரியூற்று ஓடை அந்த விடுதிக்குப் பின்னால் ஓடி, அருவியாய் விழுந்து, ஊரைத் தொடுகிறது. அருவிக்கு மேலே டிரவுட் மீன் குஞ்சுகளை விட்டு வளர்த்தால், தூண்டில் போட வெளிநாட்டுக்காரர்கள் குவிவார்கள் என்பது அவருடைய திட்டம்.

ரஹ்மத்நிஷா எழுந்தாள். கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். விடுமுறை நாட்களில் நண்பர்களைத் திரட்டி ஓடையைச் சுத்தம் செய்பவளும் அவள்தான்.

“டிரவுட் நம்ம ஊர் மீன் இல்லீங்க. கண்ணுல படுற சின்ன மீனையெல்லாம் தின்னு தீர்த்துரும். நம்ம செவ்வால் கெண்டைக்கு இந்த ஓடையை விட்டா வேற வீடு கிடையாது.”

“இருந்தாத்தானேம்மா தின்னும்? உயிரோட ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, திட்டத்தையே விட்டுர்றேன்!”

ஊராட்சித் தலைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நாளைக்குச் சாயங்காலம் குஞ்சு ஏத்திக்கிட்டு லாரி வருது. அதுக்குள்ள காட்டு நிஷா, நிறுத்திருவோம்.”

விடுதியின் வாசல் வழியாக அருவிக்கு மேலே போக முடியாது. காவலாளி விடமாட்டான். மிச்சமிருந்த ஒரே வழி, ஓடைக்குள்ளேயே இறங்கி நடப்பது!

விடியற்காலையில் மூன்று பேர் பாலத்தடியில் இறங்கினார்கள். முன்னால், காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தோளில் தொங்கவிட்டபடி நிஷா. அவளுக்குப் பின்னால் கயிறும் கடப்பாரையும் சுமந்த இருளப்பன். பைக் மெக்கானிக், குரங்குபோல் பாறை ஏறுவான். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெபமணி. பேக்கரிக்காரர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

முதல் வளைவிலேயே குமட்டியது. ஊரின் அழுக்கு முழுக்க அங்கே கிடந்தது. வேர்களில் சிக்கி ஊதிப்போன டயப்பர்கள், உடைந்த மதுபாட்டில்கள், கோழிக்கடைச் சாக்குகள். ஒரு சாக்கு கிழிந்து, குடலும் இறகும் தண்ணீரில் நூல் நூலாய் மிதந்தன. ஈக்கள் கறுப்புப் போர்வையாய் எழுந்து மீண்டும் அதன்மேலேயே அமர்ந்தன.

“போன மாசந்தானே அள்ளினோம்? மனுசனாடா இவனுகெல்லாம்!” ஜெபமணி காறித் துப்பினார்.

“அண்ணே, வாயைத் திறக்காதீங்க. ஈ உள்ள போயிரும்,” என்றான் இருளப்பன்.

மேலே போகப் போகக் குப்பை குறைந்தது. ஆனால் நாற்றம் ஏறியது! பாறைகளின்மேல் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ படிந்திருந்தது. நிஷா ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் நண்டு இல்லை, பூச்சி இல்லை. சிவப்புப் புழுக்கள் மட்டும் கொத்தாய் நெளிந்தன. கல்லை அப்படியே போட்டுவிட்டாள்.

மலையிடுக்கு ஓரிடத்தில் ஒடுங்கியது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. இருளப்பன் ஒரு திட்டின்மேல் தாவினான். அது திட்டு இல்லை! காய்ந்த மேலோட்டின் அடியில் இருந்தது சேறு. இடுப்பு வரை புதைந்துபோனான்.

“அக்கா! உள்ள இழுக்குது!”

“அசையாதே! கயித்தை வீசு!”

அவன் வீசிய கயிற்று நுனியை ஜெபமணி பிடித்துப் பாறையில் காலை ஊன்றி இழுத்தார். நிஷா அவன் அக்குளைப் பிடித்துத் தூக்கினாள். ‘பொளக்’ என்ற சத்தத்தோடு அவன் வெளியே வந்து விழுந்தான். உடம்பெல்லாம் கரும்பச்சைச் சேறு. அதிலிருந்து வந்த வாடை என்னவென்று மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

“அக்கா… இது மண்ணு இல்லக்கா. இது…”

அவன் சொல்லி முடிக்கவில்லை. குப்புறப் படுத்து வாந்தி எடுத்தான்.

நிஷா அண்ணாந்து பார்த்தாள். புதர்களுக்குள் மறைத்து வைத்த கறுப்புக் குழாய் ஒன்று பாறை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தது. அதன் வாயிலிருந்து விடுதியின் கக்கூஸ் கழிவு விட்டு விட்டுக் கொட்டியது. அதே தண்ணீரில்தான் கீழே ஊர்ப் பிள்ளைகள் குளித்தார்கள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்புதான் வந்தது. கைபேசியை எடுத்துக் குழாயைப் படம் பிடித்தாள்.

“திரும்பிரலாமாக்கா?” இருளப்பன் சேற்றை வழித்துப் போட்டபடி கேட்டான்.

“குழாய்க்கு மேல தண்ணி சுத்தமாத்தானே இருக்கணும்? இவ்வளவு பீயை மிதிச்சு வந்துட்டு, மீனைப் பார்க்காமத் திரும்புறதா?”

அருவிக்கு அருகில் பாறை வெடிப்பு வழியாக இருளப்பன் முதலில் ஏறினான். கயிறு கீழே வந்தது. நிஷா ஏறினாள். ஜெபமணி பாதியில் தொங்கிக்கொண்டு எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டார். எப்படியோ அவரும் மேலே வந்து சேர்ந்தார்.

அங்கே கண்ணாடித் தண்ணீர்! ஓடை ஆழமாய்த் தேங்கி நின்ற, நாணல் சூழ்ந்த அகலமான கசம். அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அதன்மேல், வாலோரம் குங்குமம் தீட்டியதுபோல, கூட்டங்கூட்டமாய்ச் செவ்வால் கெண்டைகள்!

மகிழ நேரமில்லை. எதிர்க்கரையில் இரண்டு ஆட்கள் சாக்கு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் தூள் காற்றில் பறந்தது. மூக்கைச் சுட்டது.

“பிளீச்சிங் பவுடர்! யோவ், நிறுத்துங்கய்யா!” நிஷா கத்தினாள். கைபேசி அவள் கையில் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

முதல் சாக்கு தண்ணீரில் விழுந்துவிட்டது! பால் கரைந்ததுபோல் கசம் ஒரு பக்கம் வெளுத்தது.

“உனக்கென்னம்மா வந்துச்சு?” இருவரில் மூத்தவன் சலித்துக்கொண்டான். “பழைய மீனைக் காலி பண்ணாத்தான் புதுசா விடுற குஞ்சு தேறும்னு மேனேஜர் சொன்னாரு.”

“மீனே இல்லைன்னு ஊர்முன்னாடி சொன்னவரா?”

அவன் இரண்டாவது சாக்கை நோக்கிக் குனிந்தான். அதற்குள் ஜெபமணி கசத்தைச் சுற்றி ஓடிப்போய்த் தம் பெரிய உடம்போடு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“இப்ப எடுறா பார்ப்போம்!”

கைபேசியைப் பார்த்ததும் இளையவன் நழுவினான். மூத்தவனும் முணுமுணுத்தபடி பின்தொடர்ந்தான்.

இருளப்பன் தண்ணீரில் பாய்ந்து, கரைந்துகொண்டிருந்த சாக்கை இழுத்துக் கரையேற்றினான். கண் எரிந்தது, மூச்சு முட்டியது. மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து வாயைப் பிளந்தன.

“அண்ணே, வேட்டி!” என்றான் இருளப்பன்.

“என்னது?”

“அவிழுங்கண்ணே! வலை வேணும்!”

உள்ளே போட்டிருந்த அரைக்கால் சட்டையோடு ஜெபமணி நின்றார். வேட்டியை ஆளுக்கொரு முனையாய்ப் பிடித்து மீன்களை வாரினார்கள்; மேலே ஓடைநீர் புதிதாய் விழும் சிறு குழிக்குத் தூக்கி ஓடினார்கள்; திரும்பி வந்து மறுபடி வாரினார்கள். கைத்தோல் உரிந்தது. வெள்ளை வயிறு காட்டி மிதந்த மீன்களை ஒதுக்கிவிட்டு, செவுள் அசைந்தவற்றை மட்டும் எடுத்தார்கள். குழிக்குள் ஒன்று புரண்டது. பிறகு இன்னொன்று. கடைசியில் தண்ணீரே சிவப்பு வால்களால் துடித்தது.

சாயங்காலம் ஊராட்சிக் கூடத்தின் முன் லாரி நின்றது. கிருபாகரன் அதற்குப் போடச் சாமந்தி மாலையோடு நின்றார். மூவரும் வருவதற்கு முன்பே அவர்களுடைய வாடை வந்து சேர்ந்தது. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு பிளந்து வழிவிட்டது.

“சீ! என்ன கருமம் இது?” என்றார் கிருபாகரன்.

“உங்க விடுதிச் சரக்குதான் சார்,” என்றான் இருளப்பன்.

நிஷா பிளாஸ்டிக் கேனைத் தலைவியின் மேசைமேல் வைத்தாள். தெளிந்த தண்ணீரில் செவ்வால் கெண்டை ஒன்று சுழன்றது. அதன் பக்கத்தில் கைபேசியை வைத்து ஓடவிட்டாள். கறுப்புக் குழாய் தெரிந்தது. வெள்ளைத் தூள் தெரிந்தது. ‘மேனேஜர் சொன்னாரு’ என்ற குரல் கூடமெங்கும் கேட்டது.

தலைவி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “என் பேரன் அந்தத் தண்ணியிலதான்யா குளிக்கிறான்!”

லாரி வந்த வழியே திரும்பியது. அதிகாரிகள் வந்து குழாயை அடைத்தார்கள். விடுதிமேல் வழக்குப் பாய்ந்தது. கேனில் வந்த மீனை நிஷா அன்றே மேலே கொண்டுபோய் விட்டாள். இந்த முறை காவலாளி வாசலைத் திறந்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தடிக் குப்பையை அள்ள ஊரே வந்தது. கோழிக்கடைக்காரர் தலையைக் குனிந்தபடி தம் சாக்குகளைத் தாமே தூக்கினார். பலர் குமட்டி ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

“நல்லா வாந்தி எடுங்க!” என்றார் ஜெபமணி, புழு நெளியும் சாக்கு ஒன்றை முதுகில் ஏற்றியபடி. “எடுத்துட்டு வந்து இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க.”

வாயைத் துடைத்துக்கொண்டு அவர்கள் திரும்பி வந்தார்கள்.