வல்மோரின் வெண்கலக் கழுகு

"கெளம்பு கஸ்பார்! கழுகு இல்லாம நாம ஊர் திரும்பப் போறதில்ல!"

சொல்லிவிட்டுக் குதிரையில் தாவி ஏறினார் தளபதி வல்மோர். லாடம் அடிப்பவரின் மகன். இத்தாலியில் சிப்பாய், எகிப்தில் கேப்டன், ஆஸ்டர்லிட்ஸ் போர் முடிந்ததும் தளபதி என்று மளமளவென ஏறியவர், ருஷ்யாவிலிருந்து படை பின்வாங்கியபோது ஒரே நாளில் கீழே விழுந்தார். காரணம், கழுகு. பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் சக்கரவர்த்தி கொடுத்த வெண்கலக் கழுகு ஒன்று கொடிக்கம்பத்தின் உச்சியில் இருக்கும். எதிரி கையில் சிக்காமலிருக்க வல்மோர் அதை எரிந்துபோன ஒரு கிராமத்துக் கிணற்றில் போட்டுவிட்டார். கழுகைக் கொண்டுவந்தால்தான் மறுபடி பதவி என்று பாரிஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

உப்பு வியாபாரிகளாக வேஷம் போட்டு மூவர் புறப்பட்டார்கள். வல்மோர், சார்ஜெண்ட் கஸ்பார், அவன் மனைவி ரோசாலி. படைக்கு ரொட்டியும் சாராயமும் விற்றபடி அந்த வழியெல்லாம் நடந்தவள் அவள். பனிக்கட்டிகள் மிதந்த ஆற்றை இடுப்பளவு நீரில் கடந்தார்கள். ஓநாய்களைத் தீப்பந்தம் வீசி விரட்டினார்கள். கடைசியில் கிணறு தென்பட்டது!

கஸ்பார் கயிற்றில் இறங்கினான்.

"கெடச்சிருச்சு ஐயா! ஆனா செவுரு கல்லெல்லாம் ஆடுது. கழுக இடுப்புல கட்டிக்கிறேன், என்னையும் சேத்துத் தூக்கிடுங்க!"

"வேணாம்! வழியில நழுவிட்டா? மொதல்ல கழுகு வரட்டும்!"

கஸ்பார் எதிர்த்துப் பேசிப் பழகாதவன். கழுகு மேலே வந்தது. கயிறு மறுபடி இறங்குவதற்குள் பனியில் வெடித்திருந்த சுவர் மடமடவென்று சரிந்தது. ரோசாலி வெறுங்கையால் கற்களைப் பிடுங்கினாள், கத்தினாள், பதிலே இல்லை. தூரத்தில் ருஷ்யக் குதிரைவீரர்கள்! குதிரைகளை அங்கேயே விட்டுவிட்டு வல்மோர் அவளைத் தரதரவென்று காட்டுக்குள் இழுத்துப் போனார்.

"அவன் சாவு வீண்போகாது, ரோசாலி. கழுக மீட்டது கஸ்பார்னு ஊரறியச் சொல்றேன். சத்தியம்!"

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் பாரிஸ் வரை நடந்தாள். காட்டுவழியில் செய்தி எதுவும் அவர்களுக்கு எட்டவில்லை. வந்து பார்த்தால் சக்கரவர்த்தி நாடு கடத்தப்பட்டிருந்தார், பழைய அரச வம்சத்து மன்னர் திரும்பி வந்திருந்தார், நகரக் கோட்டையில் அவருடைய வெள்ளைக் கொடி பறந்தது, சக்கரவர்த்தியின் சின்னம் எதுவும் மிஞ்சக் கூடாதென்று முற்றத்து உலையில் கழுகுகளை உருக்கிக்கொண்டிருந்தார்கள்!

மன்னரின் அதிகாரி சிரித்தார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க தளபதி. உங்க கையாலேயே அத உலையில போடுங்க. நாளைக்கே உங்களுக்கு ஒரு படை."

ரோசாலி வல்மோரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் ஐயா. எம் புருஷன் உசுரு அதுல இருக்கு."

கையை உதறினார். போட்டார். படை வீரர்கள் "வல்மோர் வாழ்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள், வெட்கங்கெட்டவர்கள்! கஸ்பாரின் பெயரை யாரும் சொல்லவில்லை.

"எம் புருஷன் எதுக்குச் செத்தாருன்னு கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?" என்றாள் ரோசாலி.

"போருன்னா நாலு பேரு சாகத்தான் செய்வாங்க" என்றார் வல்மோர்.

"அது போரில்லீங்க. கெணறு."

பதவிக்காகக் கிளம்புகிறவர்கள் பின்னால் போகாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது. வல்மோர் புதுச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போனார். ரோசாலி தன்னந்தனியாகக் கிழக்குப் பக்கம் நடந்தாள், கற்களை எடுத்துவிட்டு அவனை முறையாகப் புதைக்க.