ஆள் வருது

ராஜபாளையம் பஸ் நிலையத்தில் ஒரு மனிதனின் குணத்தை அறிய ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. ஜன்னல் வழியாக எதைப் போட்டு அவன் இடம் பிடிக்கிறான் என்று பார்த்தால் போதும். சாது கைக்குட்டை போடுவான். சம்சாரி துண்டு போடுவான். கட்சிக்காரர் எதையும் போட மாட்டார்... கனைப்பார், இடம் கிடைத்துவிடும்.

1996 ஐப்பசி. ஊரே ஊறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒரு சாக்குப்பை பறந்து வந்தது. நாச்சியாரின் மூக்கை உரசிக்கொண்டு பக்கத்து சீட்டில் விழுந்தது. பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவளுடைய குடையைக் குறுக்கே கிழித்துவிட்டது.

"யாருய்யா அது? இங்க ஒரு மனுஷி உக்காந்திருக்கது கண்ணு தெரியலயா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம் எழும்பியது. மழை வழிகிற முகம். மூக்கு நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது.

"கண்ணு நல்லாத் தெரியும்ங்க. கண்ணாடிதான் மழையில குருடாயிட்டு."

கண்ணாடியைக் கழற்றினான். அந்தக் கண்கள்... திட்ட வந்தவளை, செத்த நேரம் பொறு என்று நிறுத்திவைக்கிற கண்கள். நாச்சியார் அரை நொடி பொறுத்தாள். பிறகு, பொறுத்ததற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

"இது லேடீஸ் சீட்டு. பையை எடுங்க."

அந்த வழித்தடத்தில் எழுதாத சட்டங்கள் இரண்டு உண்டு. ஓர் ஆணும் பெண்ணும் ஒரே சீட்டில் உட்கார்ந்தால் அவர்கள் புருஷன் பெண்டாட்டி; இல்லையென்றால் அண்ணன் தங்கை; அதுவும் இல்லையென்றால் மறுநாள் ஊர் பேசும். இரண்டாவது, நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிவைக்க வேண்டும். ஆக, பக்கத்து சீட்டில் ஒரு காய்கறிக்காரம்மா வந்து உட்கார, அவன் கம்பியைப் பிடித்து நிற்க, குடையைக் கிழித்த பையே நாச்சியாரின் மடிக்கு வந்து சேர்ந்தது. சட்டம் சட்டம்தானே.

"பையில என்ன, அருவாளா?"

"அதவிட மோசம். பாருங்க."

பச்சை நிறத்தில் ஒரு பலகை. அதில் செம்புக் கோடுகள், குட்டிக் குட்டிப் பொட்டுகள்.

"ஏதோ நகர் பிளான் மாதிரி இருக்கு. பிளாட் போட்டு விக்கிறீகளா?"

"கம்ப்யூட்டர் வயித்துக்குள்ள இருக்கறதுங்க இது. ஆமா, நீங்க என்ன வேலை பாக்கீக?"

நாச்சியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மழை பதில் சொல்வதாயில்லை.

"கம்ப்யூட்டர் டீச்சர்."

அவன் சிரித்தான். கேலியாகச் சிரித்திருந்தால் பையைத் தூக்கி வெளியே எறிந்திருப்பாள். அப்படியில்லை... நனைந்த கோழிக்குஞ்சு உடம்பைச் சிலுப்புகிற மாதிரி ஒரு சிரிப்பு. எதை எறிவது?

பெயர் காசிராஜன், சொந்த ஊர் சுந்தரபாண்டியம், வேலை மெட்ராஸில் என்று சொன்னான். பிறகு பலகையைப் பற்றிச் சொன்னான்.

"வெளிநாட்டுக்காரன் செத்த மெஷினை தர்மம்னு பேரு வச்சு கப்பல் ஏத்திவிடுதான். இங்க அதை எரிச்சு செம்பு எடுக்காங்க. உள்ள ஈயம் இருக்கு, இன்னும் என்னென்னமோ விஷம் இருக்கு. அந்தப் புகையைக் குடிச்சவன் கதி அம்புட்டுதான். இதைத் தடுக்கணும்னு சுவிட்சர்லாந்துல பாசல்ங்கற ஊர்ல நாடுகள்லாம் கூடி ஒப்பந்தம் போட்டிருக்கு."

"என்னன்னு?"

"ஒருத்தர் வீட்டுக்கு இந்த மாதிரி ஒண்ணை அனுப்புறதுக்கு முந்தி, இன்ன பொருள் வருது, ஏத்துக்கிடுவீகளான்னு கேக்கணும். அவுக சம்மதம்னு சொன்ன பொறவுதான் அனுப்பணும். கேக்காம அனுப்பினா, அனுப்புனவனே திருப்பி எடுத்துக்கிடணும்."

"நீங்க கேக்காமத்தான் என் மேல பையைப் போட்டீக."

அவன் அதன்பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை கண்ணாடியையே துடைத்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது, "குடை எம் பொறுப்பு. புதுசு வாங்கித் தாரேன்," என்றான். மழைக்குள் போய்விட்டான். கிழிந்த குடையின் வழியே ஒரு கோடு மழை நாச்சியாரின் கன்னத்தில் இறங்கியது. அதை அவள் துடைக்கவில்லை.

மறுநாள் அவனைப் பார்ப்போம் என்று அவள் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றால்... நினைத்தாள். ஆனால் தான் பாடம் நடத்தும் 'கணினிக் கோட்ட'த்தின் வாசலில் என்று நினைக்கவில்லை.

கணினிக் கோட்டத்தின் நிறுவனர் நாச்சியாரின் தாய்மாமா சௌந்தரபாண்டியன். பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்பவர். 'உலகத்தின் புண்களுக்கெல்லாம் ராஜபாளையத்திலிருந்து நான் கட்டுப் போடுகிறேன்' என்று மேடைதோறும் சொல்வார். கட்டுத்துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, அவர் கேட்காமலே, தூத்துக்குடி வழியாக ஒரு கண்டெய்னர் நிறையக் கம்ப்யூட்டர்களை அன்பளிப்பாக அனுப்பியது. அன்றே அவர் 'கணினிச் செம்மல்' ஆனார். பட்டம் கொடுத்தது ஒரு மன்றம். மன்றத்தின் தலைவர் அவரே.

கம்ப்யூட்டர்கள் வெல்வெட் உறை போட்டு வரிசையாக நின்றன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம், குங்குமம், மாலை, சூடம் எல்லாம் ஆயிற்று. கரண்ட் மட்டும் ஆகவில்லை. முதல் ஸ்விட்சை மந்திரி போடவேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். மந்திரிக்குத் தேதி வாய்க்கவில்லை. அதுவரைக்கும் நாச்சியார் அட்டையில் வரைந்த கீபோர்டை வைத்துப் பாடம் நடத்தினாள். மவுஸுக்கு சோப்பு டப்பா. சோப்பு டப்பாவை நகர்த்துவதில் அவளுடைய மாணவர்களை மாநிலத்தில் யாரும் மிஞ்ச முடியாது.

காசிராஜன் உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் மலர்ந்தான். உறைகளைப் பார்த்ததும் வாடினான். அவன் தேடிவந்த கண்டெய்னர் இதுதான்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணை மட்டும் ஓடவிட்டுப் பாத்துருவோமா?"

"தம்பி, மந்திரி கை படாம இதுல கரண்ட் பாயாது."

"மந்திரி கை பட்டாலும் பாயாது அண்ணாச்சி. இது குப்பை. ஏமாத்தி உங்க தலையில கட்டியிருக்காங்க. திருப்பி அனுப்ப வழி இருக்கு..."

"ஏட்டி நாச்சியாரு! பாத்தியா? சந்தனம் வச்ச பொருளைக் குப்பைங்கான்!" மாமாவின் குரலுக்கு உறைகள் ஆடின. பெஞ்சில் இருந்த மாணவர்கள் சோப்பு டப்பாவும் கையுமாக அவளைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைதான் சுட்டது. அப்படியானால் இத்தனை நாள் நான் குப்பைக்கா டீச்சர்?

"கிளம்புங்க சார்," என்றாள். "நேத்து குடை, இன்னிக்கு மானம். இன்னும் கிழிக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

அவன் அவளையே பார்த்தான். மேஜைமேல் ஒரு விசிட்டிங் கார்டை வைத்துவிட்டுப் போனான். 'சர்வதேச மின்கழிவுக் கண்காணிப்பு மையம்' என்று தங்க எழுத்தில் இருந்தது. அந்தச் சர்வதேசத்தில் மொத்தம் இரண்டு நாற்காலி, பேப்பர் தீர்ந்த ஒரு ஃபேக்ஸ் மெஷின் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போனவன் போய்விட்டான். மழை மட்டும் போகவில்லை.

அம்மா குடையைத் தைத்துத் தருகிறேன் என்றாள். "வேண்டாம்மா, காத்து வருது," என்றாள் நாச்சியார். மழைக்குடையில் காற்று எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மகளின் முகத்தைப் பார்த்ததோடு சரி.

தினமும் சாயங்காலம் அதே பஸ், அதே ஜன்னல். ஒருநாள், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, தன் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். யாரோ கேட்டதற்கு, "ஆள் வருது," என்றாள். மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும்... பஸ் புறப்படுகிற வரைக்கும் அந்த சீட் காலியாக இருக்கும். புறப்பட்டதும் பையை மடியில் எடுத்துக்கொள்வாள். யாராவது உட்காருவார்கள்.

கண்டக்டர் சமுத்திரத்துக்கு வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, தெனம் ஆள் வருது ஆள் வருதுங்கியே, அந்த ஆளு நடந்தா வாராரு?"

பஸ் சிரித்தது. நாச்சியாரும் சிரித்தாள். கண்ணில் மட்டும் ஏதோ தூசி.

மார்கழி பிறந்தது. ஒருத்தியின் ஏக்கத்தை விடியக்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரே பாடிக்கொண்டு போனது. அதற்குப் பக்தி என்று பெயர். ஜன்னலில் நாச்சியார் மட்டும் பாடாமல் நின்றாள். அதற்கு ஊரில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவன் சொன்னது பொய் என்று நிரூபித்துவிட்டால் அவனை மறந்துவிடலாம்... அப்படி ஒரு கணக்கு. ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது உறையை விலக்கி ஸ்விட்சைப் போட்டாள். ஒன்றுமில்லை. அடுத்ததைப் போட்டாள். அதற்கடுத்ததின் பின்பக்கத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. அந்த அறையில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

மாமாவிடம் ஓடினாள். அவர் அதிர்ச்சி அடையவில்லை. வெற்றிலையை மென்று முடித்தார்.

"வந்த வாரமே ஸ்விட்ச் போட்டுப் பாத்துட்டேம்ட்டி. மந்திரி வராததுக்குக் காரணம் மந்திரின்னா நினைச்ச? நான் கூப்பிடவே இல்ல."

"மாமா..."

"எத்தனை மேடையில பேசிட்டேன்! இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதைக் குப்பைன்னு சொல்ல? அதான் சோழபுரத்து ஐயாதுரைகிட்ட சொல்லிட்டேன். மெட்ராஸ்ல போகிக்குப் பழசைக் கொளுத்துதாங்கல்ல, நாமளும் கொளுத்துவோம். செம்பு அவனுக்கு. போகிப் புகையை யாரு கேள்வி கேப்பா?"

ஐயாதுரையின் பழைய இரும்புக் கிடங்கு கண்மாய்க்கரையில் இருந்தது. சுற்றிலும் வீடுகள். நாச்சியாருக்குப் பஸ்ஸில் கேட்ட குரல் திரும்பக் கேட்டது... 'அந்தப் புகையைக் குடிச்சவன் கதி அம்புட்டுதான்.' இன்னொன்றும் தோன்றியது. வெட்கமாக இருந்தாலும் தோன்றியது. எல்லாம் எரிந்துவிட்டால், அவன் இந்த ஊருக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இருக்காது.

காதர் பாய் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த விசிட்டிங் கார்டில் இருந்த நம்பரைச் சுழற்றினாள்.

"ஹலோ, யாரு பேசறது?"

"குடை."

மீட்டர் மட்டும் ஓடியது.

"...நாச்சியாரா?"

"எம் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மாமா 'ஏட்டி நாச்சியாரு'ன்னு கத்துனது மெட்ராஸ் வரைக்கும் கேட்டுச்சே!"

அழுகையும் சிரிப்பும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. சமாளித்துக்கொண்டு போகி விஷயத்தைச் சொன்னாள். அவன் பதறினான். மாதக்கணக்கில் ஃபேக்ஸ் அனுப்பி அனுப்பி, திருப்பி எடுத்துக்கொள்வதாக அந்த நாட்டு அரசாங்கம் இப்போதுதான் பதில் போட்டிருக்கிறதாம். ஆனால் வந்தது வந்தபடி இருக்கவேண்டும். எரித்துவிட்டால் எதைத் திருப்புவது?

"உங்க மாமா ஒத்துக்கிடுவாரா?"

"மாமாவுக்கு வேண்டியது மேடையும் மாலையும்தான். வரவேற்பு விழா நடக்கல... வழியனுப்பு விழா நடத்திட்டுப் போறது."

அன்று சாயங்காலம் மாமாவிடம் கேட்டாள். "குப்பை வாங்குன செம்மல்னு பேரு வேணுமா மாமா, வெளிநாட்டுக் குப்பையைத் திருப்பி அனுப்புன முதல் ஆளுன்னு பேரு வேணுமா?"

"உன் டீச்சர் வேலை போயிருமேட்டி."

"போகட்டும் மாமா. சோப்பு டப்பா வேலைதான."

மாமா எழுந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மைக் செட்டுக்கு நாளைக்கே சொல்லிரலாமா?" என்றார்.

தை மாதம் பிறந்ததும் விழா நடந்தது. லாரிக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம். "வெள்ளைக்காரனே வெளியேறுன்னு அன்னைக்குச் சொன்னோம்! வெள்ளைக்காரன் டப்பாவே வெளியேறுன்னு இன்னைக்கு நான் சொல்லுதேன்!" என்று மாமா முழங்கினார். கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. கூப்பிடாத திறப்புவிழாவுக்கு வராத மந்திரி, கூப்பிட்ட இந்த விழாவுக்கும் வராமல் வாழ்த்துத் தந்தி அனுப்பியிருந்தார். மாமாவுக்குப் புதுப் பட்டம் தயாராக இருந்தது. கொடுத்தது எந்த மன்றம் என்று சொல்லத் தேவையில்லை.

காசிராஜன் மேடைப் பக்கமே வரவில்லை. லாரியின் கயிறுகளை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை நிமிர்ந்தான்... கண்கள் சந்தித்தன... அதற்குள் குறுக்கே நாதஸ்வரம் வந்துவிட்டது. லாரி தூத்துக்குடிக்குப் புறப்பட்டது. நாச்சியார் எட்டிப் பார்த்தபோது அவனையும் காணவில்லை.

ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகக்கூடாதா? 'கிளம்புங்க' என்று சொன்னவள் நான்தானே... கிளம்பிவிட்டார்.

சாயங்கால பஸ். ஜன்னலோரம். பழக்கத்தில் பையைப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆள் வருதா?" என்றார் சமுத்திரம்.

நாச்சியார் மெல்லப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இல்லண்ணே. வராது."

சமுத்திரத்துக்கே என்னமோ போல் ஆகிவிட்டது. விசிலை வாயில் வைத்தார்.

அப்போதுதான் ஜன்னல் வழியாக ஏதோ பறந்து வந்தது. அவள் மூக்கை உரசிக்கொண்டு பக்கத்து சீட்டில் விழுந்தது. புத்தம்புதுக் குடை. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

மூச்சிரைக்க ஏறி வந்தான். சட்டப்படி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லாரியில போகலியா?" முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"லாரிக்கு டிரைவர் இருக்காரு. நான் ஒண்ணு கேக்கணும். இந்தத் தடவை முன்கூட்டியே கேக்கேன்." பஸ் முழுக்கக் காது ஆகியிருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு உருப்படி வருது. கண்ணாடி போட்டது. சம்பளம் மாசாமாசம் வரும்னு உறுதி இல்ல. வீட்டுலயும் ஆபீஸ் மாதிரி ரெண்டே நாற்காலிதான் இருக்கும். ஏத்துக்கிடுவீகளா?"

"ஓடுமா? ஸ்விட்ச் போட்டுப் பாத்தாச்சா?"

"ஐப்பசியில ஒருத்தவுக போட்டாக. அன்னையிலருந்து அணையவே மாட்டேங்குது."

அவளுக்குக் காது மடல் சிவந்தது. "சம்மதம் இல்லைன்னா?"

"இதே பஸ்ல திருப்பி அனுப்பிருங்க. பாசல்ல அப்படித்தான் பேச்சு." சொல்லிவிட்டான். பிறகு கண்ணாடியையே துடைக்க ஆரம்பித்தான்.

"ஏம்மா," சமுத்திரம் பின்னாலிருந்து குரல் கொடுத்தார், "அந்த சீட்டு காலிதான? வேற ஆளை உக்காரச் சொல்லட்டா?"

நாச்சியார் ஜன்னலோரமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். சீட்டில் கிடந்த குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் நாளைக்குப் பேசப்போகிறது. பேசட்டும்...

"வேண்டாண்ணே," என்றாள். "ஆள் வந்துட்டாக."