உப்பளக் குடும்பத்தின் மூன்றாவது முகம்

கண்ணாடியில் ஒரு மங்கல் தெரிந்தது. அரையணா அகலம்தான் இருக்கும். ஜலாலுதீன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார், நகம் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம்தான் தெரிந்தது, மங்கல் கண்ணாடிக்கு உட்பக்கம் இருந்தது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் பிளாஸ்டர் உருவங்கள்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு ஏரிக்கரையில் வெள்ளைக்காரன் விட்டுப்போன அந்தப் பழைய பங்களாவில் சுவர்களே வேர்த்து வழிந்தன. கண்ணாடி வேர்ப்பதில் என்ன அதிசயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். அங்கே நடந்துவந்த சரித்திரக் காட்சிசாலைக்கு அவர்தான் பொறுப்பாளர். மாமல்லபுரம் கடற்கரையில் அகப்பட்ட சிற்பத் துண்டுக்குச் சீட்டு எழுதுவதிலிருந்து, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் காசுகளைப் பூட்டிவைப்பது, சர்க்கார் மானியத்தை இழுத்துப் பிடித்துச் செலவு செய்வது வரை எல்லாம் அவர் தலையில் விடிந்தது. ராஜாக்களின் மூக்குடைந்த சிலைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், இந்த மண்ணில் உழைக்கிறவர்களையும் ஜனங்கள் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டு அவர் செய்யச் சொன்னதுதான் இந்த 'உப்பளக் குடும்பம்'. அடுத்த வாரம் திறப்பு விழா.

முகங்களை அச்சு எடுத்துத் தந்தவன் தாவீது. மாதா கோயில்களுக்குச் சொரூபம் செய்கிறவன். ஆளைப் படுக்கவைத்து, முகம் முழுக்க எண்ணெய் தடவி, மூக்குத் துளைகளில் பப்பாளி இலைக்காம்பை நறுக்கிச் செருகுவான். காம்புக்குள் ஓட்டை இருப்பதால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். பிறகு பிளாஸ்டரைக் குழைத்து முகத்தை மூடிவிடுவான். இறுக இறுக அது சூடேறும். இறுகியதும் கழற்றி, அந்த அச்சில் வார்த்து, கண்ணைத் திறந்து வர்ணம் அடித்தால் ஆள் அப்படியே நிற்பான். செய்யூர் உப்பளத்துக் கருப்பனும் அவன் பெண்சாதி பொன்னியும் சிரித்துக்கொண்டே படுத்துக்கொண்டார்கள். மூன்றாவதாக ஒரு பிள்ளை முகம் வேண்டும் என்றபோது பொன்னிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எம் மூஞ்சிய எடுத்துக்கினீங்க, சரி. கொழந்தையது வோணாம் சார். வளர்ற மூஞ்சில அச்சு எடுக்கக் கூடாது."

"எடுத்தா இன்னா ஆவும்?" என்றான் தாவீது.

"புள்ள அதுல போய் வளர ஆரம்பிச்சுடும்."

உப்பளத்தில் வேறெந்தத் தாயும் பிள்ளையைக் கொடுக்கவில்லை. கடைசியில் ஜலாலுதீன் தன் ஒரே மகள் ஜஹனாராவைக் கூட்டிவந்தார். பெண்சாதி பதருன்னிசாவிடம் பொம்மை காட்டக் கூட்டிப்போவதாகச் சொன்னார். படித்தவன் முன்னால் நின்றால்தானே மற்றவர்களுக்குப் பயம் தெளியும் என்று ஒரு பெருமையும் உள்ளுக்குள் இருந்தது.

பாதியில் ஒரு காம்பு மடங்கிவிட்டது. பிளாஸ்டருக்குள்ளிருந்து முனகல் கேட்டது. பிள்ளை கையை உதறினாள். "எடுத்துடலாமா சார்?" என்றான் தாவீது. இருந்ததே அந்தக் கடைசி மூட்டைப் பிளாஸ்டர்தான். எடுத்தால் திறப்பு விழாவுக்குப் பிள்ளை இல்லாத குடும்பம்தான் நிற்கும். ஜலாலுதீன் மகளின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்திக்கொண்டார். "அவ்ளோதாம்மா. இதோ ஆச்சு." கொஞ்ச நேரத்தில் கைகள் துவண்டன. அச்சைக் கழற்றியபோது அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அழவில்லை. அழாததே நல்லது என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

கண்ணாடியின் மங்கல் அந்த மூன்றாவது முகத்துக்கு நேராக இருந்தது.

மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாள் உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. கூடை சுமந்த சிறுமியின் உதடுகளில் ஈரம் மினுங்கியது. தாவீது ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்துப் பார்த்து, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "மத்த ரெண்டும் காஞ்சிடுச்சு சார். இதுல மட்டும் பெயிண்டு காய மாட்டேங்குது. இன்னா பேஜார்னே தெரில."

வீட்டில் ஜஹனாராவுக்கு இழுப்பு கண்டிருந்தது. மழைக்காலத்துச் சளி என்றார் டாக்டர். இரண்டு சின்ன இழுப்பு, பிறகு ஒரு நீண்ட இழுப்பு, அதன் முடிவில் விசில் மாதிரி ஒரு கீச்சு. கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பதருன்னிசா தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். "தேமல்னு நெனச்சேங்க. தேச்சா மாவு மாவா உதிருது. ஒடம்ப தொட்டுப் பாருங்க, ஜில்லுனு கீது." தலையணையில் வெள்ளைத் தூள் கிடந்தது. முன்பெல்லாம் கேள்வி கேட்டே ஆளைத் துளைத்தெடுக்கும் பிள்ளை, இப்போது கேட்டதற்குக்கூடப் பதில் சொல்வதில்லை; இமைப்பதும் குறைந்துபோயிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் மழை ஓய்ந்த நேரத்தில், ஈரக் கயிறும் வர்ணமும் பழைய வௌவால் எச்சமும் கலந்து நாறிய அந்தக் கூடத்தில், ஓட்டிலிருந்து சொட்டும் நீர் வாளியில் விழும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது, ஜலாலுதீன் முக்காலியைப் போட்டுக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்தார். மங்கல் சுருங்கியது. கொஞ்சம் விரிந்தது. சுருங்கியது. கொஞ்சம் விரிந்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பெரிதாக விரிந்தது. இரண்டு சின்னது, ஒன்று நீளம். வீட்டில் ராத்திரி முழுக்கக் கேட்ட அதே தாளம். அவருக்குப் பயமாக இருந்தது; வெட்கமில்லாமல், அப்பட்டமாகப் பயமாக இருந்தது.

கண்ணாடியின் திருகாணிகளைக் கழற்றி ஒரு பலகையை நகர்த்தி வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார்.

அன்று ராத்திரி ஜஹனாரா அயர்ந்து தூங்கினாள். இழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது. காலையில், "அத்தா, உப்பு கரிக்குது," என்று மட்டும் சொன்னாள். பதருன்னிசா டாக்டருக்குத் துவா செய்தாள். கண்ணாடி திறந்திருக்கும்வரை மகள் மூச்சுவிடுவாள் என்பது மட்டும் ஜலாலுதீனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படி என்று யாரிடம் போய்க் கேட்பது?

வெள்ளிக்கிழமை காலை பட்டணத்திலிருந்து மேலதிகாரி ராஜாராம் வந்தார். அவர் எழுதும் இரண்டு வரியில்தான் அடுத்த வருஷத்து மானியம் தொங்கிக்கொண்டிருந்தது. டச்சுக் காசுகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் உப்பளக் குடும்பத்துக்கு முன்னால் நின்றார்.

"கண்ணாடி ஏன் திறந்திருக்கு?"

"காத்து போகணும் சார்."

"யாருக்கு?"

ராஜாராம் குனிந்து சிறுமியின் ஓலைக் கூடையைத் தட்டினார். மஞ்சள் தூள் கொட்டியது. "பாத்தீங்களா? செல்லுப் பூச்சி அரிக்குது. பக்கத்து அறையில ஓலைச்சுவடி வச்சிருக்கீங்க. இன்னிக்கே கந்தகப் புகை போட்டு மூடுங்க. நாளைக்குக் காலையில வந்து நானே திறந்து பாக்கறேன்."

"சார், ரெண்டு நாள் பொறுத்து..."

"விழாவுக்கு நாலு நாள் இருக்கு. விளையாடறீங்களா? நீங்க போய் கஜானாவுல பில்லை மாத்திட்டு வாங்க. இதை நான் நின்னு பாத்துக்கறேன்."

பொறுப்பாளர் என்று பெயர்தான். அதிகாரி சொன்னால் நடந்தாக வேண்டும். என் மகள் மூச்சு அதற்குள் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? பைத்தியம் என்று எழுதிவிட்டுப் போவார். ஜலாலுதீன் சைக்கிளை எடுத்தார். கஜானாவில் கூட்டம். ஒரு கையெழுத்துக்காகச் சாயங்காலம் வரை பெஞ்சியில் உட்காரவைத்தார்கள். வெளியே வந்தபோது வானம் கறுத்து மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. நேரே வீட்டுக்கு மிதித்தார்.

வாசலிலேயே கேட்டது. கீச்சு இல்லை. இழுப்பு இல்லை. இருமல். மூச்சே விடாமல் அடிவயிற்றிலிருந்து இருமல். ஜஹனாரா வாயைத் திறக்கவேயில்லை. இறுக மூடிய உதட்டுக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், இருமல் கேட்டது. அறையில் தீக்குச்சி உரசியதுபோல் கந்தக நெடி.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டாங்க!" பதருன்னிசா அழுதாள். "இன்னா நின்னுகினு பாத்துகினு கீறீங்க!"

"இதோ வந்துட்டேன்," என்று அவர் ஓடினார். ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி ஓடினார்.

பங்களாவில் ஆள் இல்லை. ராஜாராம் ரயிலடிக்குப் பக்கத்து விடுதிக்குப் போயிருந்தார், தாவீது போய்விட்டிருந்தான். கரண்ட் இல்லை. ஜலாலுதீன் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். கண்ணாடியின் இடுக்குகளில் எல்லாம் காகிதப் பட்டை ஒட்டி அடைத்திருந்தது. உள்ளே மஞ்சள் புகை. தரையில் சட்டியில் கந்தகம் நீல நாக்காக எரிந்துகொண்டிருந்தது. கருப்பன் தெரியவில்லை. பொன்னி தெரியவில்லை. கண்ணாடி முழுக்க, கீழிருந்து மேல்வரை, உள்ளிருந்து வேர்த்திருந்தது.

இருமல் கேட்டது.

வீட்டில் தூரத்தில் கேட்டது இங்கே கிட்டத்தில் கேட்டது.

பட்டையைக் கிழித்தார். திருகாணி கழன்று விழுந்து உருண்டது. பலகை நகர்ந்தது. புகை முகத்தில் அடித்தது, கண் எரிந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

கூடை கீழே கிடந்தது.

சிறுமி கூடை சுமந்த கையைக் கீழே இறக்கியிருந்தாள். வாய் திறந்திருந்தது. தாவீது மூடிய வாயாகத்தான் வார்த்திருந்தான். மார்பு ஏறி இறங்கியது. வர்ணக் கண்கள் விளக்கைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தன.

ஒரு கை நீண்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்தது. சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது.

ஜலாலுதீன் அலறினார். உதறினார். அது பின்னால் விழுந்தது. விளக்கு உருண்டு அணைந்தது. இருட்டு. ஓடினார். கதவு. வெளியே வந்து இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள். பூட்டு. சாவி திரும்பியது.

உள்ளே தடுமாறும் காலடி கேட்டது. அப்புறம் கதவில் தட்டல். சின்னக் கை. இடுப்பு உயரத்தில்.

அவர் இரண்டு கைகளாலும் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஓதத் தெரிந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. புத்தி மட்டும் ஓடியது. இதுதான் என் பிள்ளையின் மூச்சைக் குடித்து வளர்கிறது. இது அடங்கினால் மூச்சு வீடு திரும்பும். அடங்கட்டும். புகையிலேயே அடங்கட்டும். இருமலுக்கு நடுவே உள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. அது ஒரு சொல்லாக இருக்கலாம் என்று நினைக்கவே அவர் விரும்பவில்லை. கதவின்மேல் தோளைக் கொடுத்து நின்றார். தட்டல் தளர்ந்தது. பிறகு சுரண்டல். அதுவும் கீழே, கீழே போனது.

நின்றது.

மழை பெய்துகொண்டிருந்தது. வாழ்நாளில் அத்தனை நிம்மதியை அவர் அறிந்ததில்லை.

வீட்டில் சத்தம் இல்லை. வாசலில் நின்று காதைத் தீட்டினார். கீச்சு இல்லை, இருமல் இல்லை. சிம்னி விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், கழுத்துவரை போர்த்திய மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதருன்னிசா விசிறிக்கொண்டிருந்தாள். வண்டி எங்கே என்று அவள் கேட்கவில்லை. களைத்துப்போய்ச் சிரித்தாள்.

"இருமல் நின்னு போச்சுங்க. இப்பதான் தூங்கறா. அல்லா கண்ணத் தொறந்துட்டான்."

ஜலாலுதீனுக்கு அழுகை பொங்கியது. பாயில் மண்டியிட்டார். ஈரத் தரையில் கிடக்கிறாளே, கட்டிலில் போடலாம் என்று மகளின் கழுத்துக்கு அடியில் ஒரு கையும் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினார்.

கழுத்து துவளவில்லை. முழங்கால் மடங்கவில்லை. உடம்பு முழுக்க ஒரே வார்ப்பாக, நேராக, மேலே வந்தது. கனமே இல்லை. மார்போடு சேர்த்து அணைத்தபோது அவருடைய சட்டைப் பொத்தான் ஜஹனாராவின் கன்னத்தில் பட்டது. காலிப் பானையைத் தட்டியதுபோல் உள்ளே ஒலித்தது.

"மெதுவாங்க," என்றாள் பதருன்னிசா, விசிறியை நிறுத்தாமல். "முழிச்சுக்கப் போறா."