வாய்க்கால் பாலத்துக் குங்குமம்

"என் கிரவுட்தான் மோசம்னு சொல்லிட்டாங்க, மேடம். வேலை போயிடும்." யமுனா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர் ரஞ்சனி, அவள் நீட்டிய படத்தைப் பார்த்தார். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே வாய்க்கால் மேல் புதுப்பாலம். வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பெட்டி பீம்களை நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் கிரவுட் என்னும் சிமென்ட் சாந்தை ஊற்றி, குறுக்கே கேபிள் இழுத்து இறுக்கியது. மேலே போட்ட தாரில் இப்போது நீளவாக்கில் ஒரு வெடிப்பு.

"கேபிள் இழுத்தப்ப இருந்தியா?"

"இல்லீங்க. கிரவுட் ஊத்த மட்டும் அந்தப் பாலத்துக்குப் போனேன், ஆடி முதல் வாரம். மத்தபடி துறையூர் சைட்."

"வாழைத்தார் லாரி பாரத்துல வெடிச்சதுதான் மேடம். கேஸ் முடிஞ்சுது," என்றான் உதவியாளன் நவநீதன்.

"போன கேஸையும் இப்படித்தான் முடிச்ச. வண்டியை எடு."

யமுனாவும் கூட வந்தாள். பாலத்தடியில் கேபிள் இழுத்த காண்டிராக்டர் தங்கையன் காத்திருந்தார். "வாங்கம்மா. தங்கச்சி தண்ணி கூட ஊத்திடுச்சு போல. கிரவுட் இறுகினப்புறம்தான் நாங்க கேபிள் இழுத்தோம்."

ரஞ்சனி கீழே உதிர்ந்து கிடந்த கிரவுட் துண்டை ஆணியால் கீறினார். கீறல் விழவில்லை. அப்போது காந்தி மார்க்கெட் லாரி ஒன்று மேலே சென்றது. ஒரு பீம் லேசாக இறங்கி எழுந்தது. பக்கத்து பீம் அசையவில்லை.

"ஒட்டு உறவே இல்லாத மாதிரி இருக்கே," என்றான் நவநீதன்.

ரஞ்சனி பாலத்தின் வெளிப்பக்கம் நடந்தார். மழை படாத மறைவில் கேபிளின் வெட்டிய முனை தெரிந்தது. அதில் குங்குமப் பொட்டு. பொட்டின் பாதியை மறைத்து, மேலிருந்து வழிந்து காய்ந்த கிரவுட்.

மூவரையும் அங்கே அழைத்தார்.

"கேபிளை எப்ப வெட்டுவீங்க?"

"இழுத்து முடிச்சுத்தாம்மா. முன்னாடியே வெட்டினா மெஷின் எதைப் பிடிச்சு இழுக்கும்?" என்றார் தங்கையன்.

"பொட்டு?"

"வேலை நல்லபடியா முடிஞ்சுதுன்னு வெட்டின முனையில வைப்போம்."

"அப்ப பொட்டு மேல கிரவுட் எப்படி வழிஞ்சுது?"

தங்கையன் வாய்க்காலைப் பார்த்தார். "ஆடி பொறந்துட்டா நாங்க கேபிள்ல கை வைக்க மாட்டோம்மா. ஆனி கடைசியிலயே இழுத்துட்டேன். எப்ப இழுத்தாலும் அதே இறுக்கம்தானேன்னு நெனச்சேன்."

"முதல்ல இழுத்தா, பீமும் பீமும் முட்டற இடத்திலேயே அந்த இறுக்கம் நின்னுடும். பின்னால ஊத்தின கிரவுட் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். லாரி ஏறினதும் பீமை விட்டுப் பிரிஞ்சுடும். நடுவுல இறுகின கிரவுட்டையும் சேர்த்து அழுத்தினாத்தான் எல்லா பீமும் ஒண்ணா சுமக்கும். யமுனா ஊத்தினதுல குறை இல்லை."

யமுனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி பண்ண முடியுமா மேடம்?"

"கேபிள் போற குழாயை இன்னும் அடைக்கலை. பழசை உருவிட்டு, இடுக்கைச் சுரண்டி, மறுபடி ஊத்தி, அப்புறம் புதுசை இழுக்கணும். அதுவரைக்கும் லாரி வேண்டாம்."

"ஆபீஸ்ல நானே சொல்லிடறேன்," என்ற தங்கையன், விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "ஆனா கிரவுட் இறுகறப்ப புரட்டாசி வந்துடுமே, தங்கச்சி."

"ஊத்தறதுக்கு நீங்க நாள் பாருங்கண்ணே," என்றாள் யமுனா. "இழுக்கற நாளை கிரவுட் பார்த்துக்கட்டும்."