கழுத்தை அடைத்த தையல்

என் தலை வெளியே வரவில்லை.

அம்மா தைத்துக் கொடுத்த புதுச் சட்டைக்குள் இரண்டு கைகளும் ஒழுங்காகப் போய்விட்டன. தலை மட்டும் முட்டி முட்டித் திரும்பியது.

“அம்மா, வாசலை எங்க வச்சே?” என்று உள்ளிருந்தே கத்தினேன்.

அம்மா சிரிக்கவில்லை. சட்டையை என் தலையிலிருந்து உருவிப் பார்த்தாள். ஒரு தோளில் ஆரம்பித்த தையல், கழுத்தில் நிற்காமல் மறு தோள்வரை ஓடியிருந்தது. தெருவுக்கே சட்டை தைத்துக் கொடுக்கும் அம்மா, கழுத்தை அடைத்துத் தைத்திருக்கிறாள்!

“இதை நானா தைச்சேன்?” அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் புற்றுநோய்க்கான சிகிச்சைதான் முடிந்துவிட்டதே! கொட்டிப்போன முடிகூட வளர ஆரம்பித்துவிட்டது. பிறகு ஏன் இப்படி?

“அது மறுபடியும் வந்துடுச்சாம்மா?” என்று கேட்டேன்.

“இல்லடி வாயாடி, அது போயிடுச்சு. அதை விரட்டின மருந்துதான் இன்னும் என்னைப் பாடாப் படுத்துது. கொஞ்ச நாளைக்கு அசதி இருக்கும், மறதியும் வரும்னு டாக்டர் சொன்னாங்க. தைச்சுட்டே இருக்கும்போது தலைக்குள்ள ஒரே மூட்டமா ஆயிடுது. எங்க நிறுத்தணும்னே தெரியல.”

அடுத்து அம்மா செய்ததுதான் பேரதிர்ச்சி. தையல் மிஷினுக்கு உறையை மாட்டிவிட்டுச் சித்திக்குப் போன் செய்தாள்.

“நாளைக்கு வந்து மிஷினை எடுத்துட்டுப் போயிடு. எனக்கு இனிமே தையலே வேண்டாம்.”

மிஷின் இல்லாத அம்மாவா? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மிஷின் சத்தம் கேட்டால்தான் எனக்கு மதியத் தூக்கமே வரும்.

மறுநாள் காலை கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு க்ளிப் என் விரலை நறுக்கென்று கவ்வியது. “ஆ!” என்று அப்படியே நின்றுவிட்டேன்.

அட, நின்றுவிட்டேனே!

உள்ளே ஓடினேன். அந்தச் சட்டையின் தோள் தையல் முழுவதையும் பிரித்தேன். கழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்பு க்ளிப், முடியும் இடத்தில் இன்னொன்று.

“அம்மா, நீ எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். க்ளிப் வந்தா நிறுத்து. அசதியா இருந்தா அப்படியே போட்டுட்டுப் படு. க்ளிப் எங்கயும் ஓடிடாது.”

“பட்டப்பகல்ல படுத்தா பார்க்கிறவங்க சிரிப்பாங்கடி.”

“சிரிக்கிறவங்க வாய்க்கும் ஒரு க்ளிப் போட்டுடலாம்!”

அம்மா மெதுவாக உறையைக் கழற்றினாள். ஒரு தோளைத் தைத்தாள். க்ளிப் வந்ததும் நிறுத்தினாள். போய்ப் படுத்தாள். எழுந்து வந்து, “எங்க விட்டேன்?” என்று திகைத்தாள். நான் அடுத்த க்ளிப்பைத் தொட்டுக் காட்டினேன். அங்கிருந்து மறு தோளையும் தைத்து முடித்தாள்.

மதியம் சட்டையை மாட்டினேன். தலை வெளியே வந்துவிட்டது!

அதே நேரம் சித்தியும் வந்துவிட்டாள், மிஷினை ஏற்ற வண்டியோடு.

“அக்கா, மிஷினை எடுத்துக்கலாமா?”

“மிஷினையா? எதுக்கு?” என்றாள் அம்மா.

சித்தி வாயைப் பிளந்தாள். “நேத்து நீதானேக்கா போன்ல சொன்னே?”

“நானா? சுத்தமா மறந்துபோச்சுடி!”

சொல்லிவிட்டு, அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.