கை மாறிய மஞ்சள் அட்டை

படிக்கட்டு ஓரம்... கடைசி பெஞ்சு... தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் ஓர் ஆள்.

அவளுக்குச் சொல்லியிருந்த அடையாளம் அவ்வளவுதான். அது அச்சு அசலாக அங்கே உட்கார்ந்திருந்தது!

வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. குற்றவியல் நீதிமன்றத்தின் நீண்ட தாழ்வாரம் முழுக்க ஈரக் குடைகள், ஈரச் செருப்புகள், தூக்கம் கெட்ட முகங்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒதுங்கி, தொப்பலாக நனைந்த வெள்ளைச் சட்டையோடு, விரல்களை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான் அவன். முப்பது வயது இருக்கலாம். நடுநடுவே எதிர்ச்சுவரைப் பார்த்துப் பணிவாக ஒரு தலைவணக்கம் வேறு!

'பாவம்...' உருகிப்போனாள் அவள்.

அவள் அந்த நீதிமன்றத்தின் மனநல ஆலோசகர். மனம் தளர்ந்தவர்கள், விவரம் போதாதவர்கள், பயத்தில் பேச்சே வராதவர்கள் வழக்கில் மாட்டி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து நடப்பதைப் புரியவைப்பதும், அவர்கள் நிலையை நீதிபதிக்குப் புரியவைப்பதும் அவள் வேலை. அந்த வேலையில் அவளை அசைக்க ஆளில்லை. அன்று காலை அவள் பார்க்க வேண்டியிருந்தது, காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்லும் ஒருவரை.

எதிரில் உட்கார்ந்தால் மிரண்டுவிடுவார்கள் என்று எப்போதும் பக்கவாட்டில்தான் உட்காருவாள். அப்படியே உட்கார்ந்தாள்.

"வணக்கம். நான் போலீஸ் இல்ல, வக்கீலும் இல்ல. உங்களுக்குத் துணையா வந்திருக்கேன்."

அவன் திரும்பினான். அம்மாடி... என்ன கண்கள்! மழைக்கு முந்தைய வானம் மாதிரி, இருட்டும் வெளிச்சமும் ஒன்றாக... 'சீ, வேலையைப் பாருடி' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"ஆமா."

"ராத்திரி தூங்கினீங்களா?"

"ஆமா... ம்ஹூம், இல்ல."

"யாராவது உங்ககிட்ட பேசுற மாதிரி குரல் கேக்குதா?"

"கேக்குது."

"எப்பவெல்லாம்?"

"இப்பதான்... நீங்க பேசுறீங்களே?"

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, யார் எங்கே உட்காருவார்கள், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று நிதானமாக விளக்கினாள். அவன் எல்லாவற்றுக்கும் "ஆமா... ஆமா..." என்று தலையைத் தலையை ஆட்டினான். உண்மையில் ஒரு வார்த்தைகூட அவன் மண்டையில் ஏறவில்லை. அவள் இமையில் ஒரு மழைத்துளி தங்கியிருந்ததே... அது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பையிலிருந்து உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"உள்ள போனதும் பயமா இருந்தா, குழப்பமா இருந்தா, வாயால சொல்ல வேண்டாம். இதைத் தூக்கிக் காட்டுங்க. நீதிபதி விசாரணையை நிறுத்திடுவாங்க."

"நீதிபதியையே நிறுத்தலாமா?"

"தாராளமா."

"இத்தனை வருஷமா இது தெரியாம போச்சே!"

அவள் புருவத்தைச் சுருக்கினாள். 'இத்தனை வருஷமா'வா? அதற்குள் குமாஸ்தா ஒருவர் கறுப்புக் கோட்டை உதறிக்கொண்டே ஓடிவந்தார்.

"சார், மின்விசிறியில போட்டும் கோட்டு காயல! இந்தக் கோர்ட்டுக்கு மாத்தலாகி வந்த முதல் நாளே லேட்டா போனா, நீதிபதியம்மா சும்மா விடமாட்டாங்க!"

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க... அரசு வக்கீலா?"

"ஆமா."

"அப்ப அந்த முணுமுணுப்பு?"

"இன்னைக்குப் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தேன்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கவே இல்லையே மேடம்! அதுவும் இல்லாம... இவ்வளவு அன்பா யாரும் என்னை விசாரிச்சதே இல்ல."

"என் வேலை உங்களுக்கு விளையாட்டா தெரியுதா சார்? இந்த பெஞ்சுல உண்மையிலேயே பயந்துபோய் ஒருத்தர் உக்காந்திருக்கணும். அவரைத் தேடாம உங்ககிட்ட நேரத்தைத் தொலைச்சிருக்கேன்!"

பதிலுக்குக் காத்திராமல் விறுவிறுவென்று போய்விட்டாள். அவள் தேடி வந்தவர் அன்று வரவே இல்லை என்பதும், வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. 'அந்த மனுஷன் கண்ணைப் பார்த்து உருகினேனே!'

மதியம் அடுத்த வழக்கு. அதில் குற்றம் சாட்டப்பட்டவள் குட்டிம்மா.

நாற்பதைத் தாண்டியும் எல்லோருக்கும் அவள் குட்டிம்மாதான். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத ஜீவன். மூளை வளர்ச்சி பாதியில் நின்றவள். சலவைக் கடையில் இஸ்திரி போட்டுப் பிழைத்தாள். முதலாளி திட்டிய மறுநாள் இஸ்திரி அறை தீப்பிடித்தது. "நீதான் கொளுத்தினியா?" என்று அதட்டிக் கேட்டார்கள். "ஆமா" என்றாள். அந்த ஒரு 'ஆமா'வை வைத்துத்தான் வழக்கு. அதே வார்த்தையை இன்று நீதிபதி முன்னாலும் சொல்லிவிட்டால், அவள் இருக்கப்போவது சிறைதான். அங்கே குட்டிம்மா ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டாள் என்று, துணைக்கு வந்திருந்த அவளுக்குத் தெரியும்.

அரசுத் தரப்பில் எழுந்து நின்றது... அவனேதான்! அரைகுறையாகக் காய்ந்த கோட்டோடு.

நீதிபதியம்மா குற்றச்சாட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்: "நீங்கதான் தீ வெச்சீங்களா?"

"ஆமா" என்றாள் குட்டிம்மா.

கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள். "யுவர் ஆனர், இவங்க பயந்தா எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வாங்க. அதை ஒத்துக்கிட்டதா எடுத்துக்கக் கூடாது."

"கேள்வி தெளிவா இருக்கு. பதிலும் தெளிவா இருக்கு" என்றான் அவன். குரலில் அப்படியொரு கம்பீரம். "இதுல ஊகத்துக்கு இடமில்ல."

"ஊகம் இல்ல சார், அனுபவம்!"

"அனுபவம் சில நேரம் ஆளையே மாத்திப் பார்த்துடும் மேடம்."

சுருக்கென்று தைத்தது. ஆனால் அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இருவரும் குரலை உயர்த்தியதில் கூண்டுக்குள் குட்டிம்மா முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியிருந்தாள். முந்தானையைக் கடிக்கிறாள்... கண்ணீர் கொட்டுகிறது... கைகள் எதையோ தேடுகின்றன. அட்டை! நேற்று குட்டிம்மாவைப் பார்க்கப் போனபோது எத்தனை தடவை பழக்கியிருந்தாள், 'பயமா இருந்தா மஞ்சள் அட்டை' என்று! தன் பையைத் துழாவினாள். இல்லை. இருந்த ஒன்றையும் காலையில்... அந்த பெஞ்சில்...

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அட்டை அவன் கோட்டுப் பையில் இருந்தது. அதை எடுத்தால் கதை ஊருக்கே தெரியும். புது அரசு வக்கீலை முதல் நாளே குற்றவாளி என்று நினைத்துவிட்டார்களாம் என்று கேன்டீன் வரை சிரிப்பார்கள்.

இருந்தும் அட்டையை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினான்.

"என்ன அது?" என்றார் நீதிபதியம்மா.

"கொஞ்ச நேரம் நிறுத்தணும் யுவர் ஆனர். இது இவங்க கையில இருக்கவேண்டிய அட்டை. காலையில மேடம் என்னைக் குற்றம் சாட்டப்பட்டவர்னு நினைச்சு எங்கிட்ட கொடுத்துட்டாங்க."

நீதிமன்றமே குபீரென்று சிரித்தது. அவன் காது மடல் சிவந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

"அவங்க நிறைய விளக்கினாங்க. நான் எல்லாத்துக்கும் ஆமான்னேன். எனக்கு எதுவுமே ஏறல. படிச்சு, வருஷக்கணக்கா வாதாடின நானே தடுமாறினா ஆமான்னுதான் சொல்றேன். இந்தம்மா சொல்ற ஆமாவை வெச்சு நான் எப்படித் தண்டனை கேக்கிறது?"

சிரிப்பு நின்றுபோனது. அவன் கூண்டருகே போய், குனிந்து, அட்டையைக் குட்டிம்மாவின் கையில் கொடுத்தான். நீதிபதியம்மா அந்த 'ஆமா'வை ஏற்காமல், முழு மனநலப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். அதுவரை சிறைக்குப் பதில் காப்பகம்.

மாலையில் அதே படிக்கட்டில் அவன் காத்திருந்தான்.

"கோவம் போச்சா மேடம்? ஒரு டீ குடிக்கலாமா?"

"கேஸ் முடியுற வரைக்கும் உங்ககூட ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க முடியாது. நான் சாட்சி சொல்லணும், நீங்க என்னைக் குறுக்கு விசாரணை பண்ணணும்."

"அப்ப கேஸ் முடிஞ்சா குடிக்கலாம்!"

"அப்படி நான் சொல்லவே இல்ல" என்றாள். திரும்பி நடக்கும்போது உதட்டோரம் வந்த சிரிப்பை அவன் பார்க்கவில்லை.

வீட்டில் அண்ணி பார்த்துவிட்டாள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் நோட்டம் விட்டாள்.

"யாரைடி மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருக்கே?"

"அரசு வக்கீலை, அண்ணி. சரியான திமிர் புடிச்ச ஆளு."

"திட்டுறதுக்கு இவ்வளவு சிரிப்பு எதுக்கு? உங்க அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லித்தான் பாருங்களேன்!" தலையணை பறந்தது.

அடுத்த வாரம் அவள் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். முகமெல்லாம் மலர்ச்சி. குடையை மடக்கக்கூடத் தோன்றவில்லை.

"கேஸை வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டேன். இனிமே நமக்குள்ள தடையே இல்ல!"

அவள் கையிலிருந்த பேனாவை மூடினாள். "யார்கிட்ட?"

"எங்க சீனியர்கிட்ட."

"அவரா? அவர் ஆமான்னு ஒரு வார்த்தை கிடைச்சா போதும்னு நினைக்கிறவரு. எரிஞ்ச அறையை எட்டிக்கூடப் பார்க்கமாட்டாரு. போய் திரும்ப வாங்கிட்டு வாங்க."

"உங்களுக்காகத்தான்..."

"எனக்கு டீ வாங்கிக் கொடுக்க நூறு பேர் கிடைப்பாங்க சார். குட்டிம்மாவுக்குக் காது கொடுத்துக் கேக்கிற அரசு வக்கீல் நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப... நம்ம விஷயம்?"

"நம்ம விஷயம்னு ஒண்ணு இப்போதைக்குக் கிடையாது."

அவன் முகம் வாடிப்போனது. கெஞ்சுவான் என்று நினைத்தாள். அவன் கெஞ்சவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, "நீங்க சொல்றது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் போவதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னை விரும்புகிறவனைத் தானே விரட்டியிருக்கிறாள். ஆனால் அவன் திரும்பி அவளைப் பார்க்காமல் நேராகச் சீனியர் அறைக்குள் நுழைந்தானே... அந்த நிமிடம் அவள் மனசு மொத்தமாக அவன் பின்னாலேயே போய்விட்டது.

அப்புறம் நீதிமன்றத்தில் மட்டும்தான் சந்திப்பு. "மேடம்", "சார்"... அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவள் சாட்சி சொன்ன அன்று குறுக்கு விசாரணையில் துளியும் விட்டுக்கொடுக்காமல் கேட்டான். அவளும் விடாமல் பதில் சொன்னாள். எரிந்த அறைக்கு அவனே நேரில் போனான். இஸ்திரி மேசையின் கால்கள் கருகவே இல்லை. எதிர்ச்சுவரில் ஸ்விட்ச் போர்டிலிருந்து கூரை வரை கரி. மின்பொறியாளரை வைத்துப் பார்த்ததில், பழைய வயர் உருகித் தீப்பிடித்தது உறுதியானது.

கடைசி வாய்தா. நீதிபதியம்மா மெல்லிய குரலில் கேட்டார்: "அம்மா, நீங்க தீ வெச்சீங்களா?"

குட்டிம்மா பக்கத்திலிருந்த அவளைப் பார்த்தாள். இத்தனை நாள் அவர்கள் பழகியது இதைத்தான். அவள் உதவவில்லை, உதவக் கூடாது.

"இல்ல" என்றாள் குட்டிம்மா. சத்தமாக.

"அப்ப ஏன் முன்னாடி ஆமான்னு சொன்னீங்க?"

"அவங்க கோவமா இருந்தாங்க. ஆமான்னு சொன்னா திட்ட மாட்டாங்க."

வழக்கைத் திரும்பப் பெறுவதாக அவன் சொன்னான். குட்டிம்மா விடுதலை. காப்பகத்திலேயே இஸ்திரி வேலை தருவதாகச் சொல்லி, அதை நடத்தும் அம்மாள் கையோடு அழைத்துப்போனாள்.

தாழ்வாரத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவன் வருவான் என்று நின்றாள். அவனோ மரியாதையாக ஒரு தலையசைப்போடு அவளைக் கடந்து, படி இறங்கத் தொடங்கினான். 'கிடையாதுன்னு சொன்னேனே... அதை அப்படியே எடுத்துக்கிட்டாரே இந்த மனுஷன்!'

இவள் யார், கதவோரம் நின்று கண்ணீர் விடுகிற ரகமா?

"வக்கீல் சார்!"

குமாஸ்தா திரும்பினார். போலீஸ்காரர்கள் திரும்பினார்கள். கடைசியில் அவனும் திரும்பினான்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் விரட்டியும் கோவிச்சுக்காம கேஸைத் திரும்ப வாங்கப் போனீங்களே... அன்னைக்கே பிடிச்சுப் போச்சு."

அவன் இரண்டு படி மேலே ஏறினான். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே... நான் எப்படித் தவிச்சேன் தெரியுமா?"

"சொல்லியிருந்தா குட்டிம்மாவோட விடுதலையை ஊரே சந்தேகப்பட்டிருக்கும். நம்ம ரெண்டு பேர் பேச்சும் எடுபட்டிருக்காது. அதான் நானும் தவிச்சேன்."

அவன் மீதிப் படிகளையும் ஏறி வந்தான். கண்கள் நிறைந்திருந்தன.

"உங்க வீட்டுல... யார்கிட்ட பேசணும்?"

"அண்ணிகிட்ட. எங்க வீட்டு நீதிபதி அவங்கதான். அங்க அப்பீல் எல்லாம் கிடையாது."

"நான் தோத்துட்டா?"

"தோக்க விட்டுடுவேனா?"

அவன் கை நீட்டினான். அத்தனை பேர் பார்க்க, அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் முறையாக 'மேடம்' எங்கோ காணாமல் போனது.

"உன்னைத் தவிர எனக்கு வேற யாரும் வேண்டாம்" என்றான்.